களையெடுத்த நோய்ப்பாத்தி

சுத்தமோ சுத்தம். பாத்தி முழுக்கக் கொத்திக் கிளறி, வாய்க்காலைச் செதுக்கி, வரப்பு ஓரத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு வேறு இழுத்திருக்கிறார்கள், கல்யாண வீடு தோற்றது. நான் தலைமாட்டில் நின்றுகொண்டு பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒன்றாவது கண்ணுக்குத் தப்பியிருக்காதா என்று. தப்பவில்லை. பூபாலன் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை, அதுதான் என் தலையெழுத்து. "பார்த்தீங்களா மேடம், எப்படிக் கெடந்த எடம்! கமிட்டி வருதேன்னு நேத்து மத்தியானமே ஆள் விட்டுப் புடுங்கிட்டேன். ஒரு காளான் இல்ல. அத்தனையும் குமிச்சு எரிச்சாச்சு." சிரிக்கிறார். பண்ணைக்குப் புதிதாக வந்த மேனேஜர், வந்து ஒரு மாதம் ஆகவில்லை, எனக்கு ஓர் உதவி செய்துவிட்ட பூரிப்பு முகத்தில் வழிகிறது. இந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஐயா பூபாலன், இது நோய்ப்பாத்தி. களை இருக்க வேண்டும் என்பதற்காகவே வைத்திருக்கிற பாத்தி. இந்த மண்ணில் புகையிலைக் காளானை விதைத்தவளே நான்தான், பேர்தான் காளான், பயிரின் வேரை உறிஞ்சுகிற களைச்செடி. ஊரெல்லாம் ஒழிக்கப் படாதபாடு படுகிற சனியனைப் பொட்டலத்தில் கொண்டுவந்து, மணலோடு கலந்து தூவி, தண்ணீர் கட்டி வளர்த்தேன். அது இருந்தால்தானே என் தக்காளி அதற்கு மசியாது என்று காட்ட முடியும்? ஒரு வரிசை எல்லோரும் போடுகிற சாதாரணத் தக்காளி, அதன் காலடியில் காளான் மண்டிக் கிடக்கும். பக்கத்து வரிசை நான் உண்டாக்கியது, அங்கே ஒன்றும் இருக்காது. குருடனுக்கும் தெரியும். நேற்றுக் காலை வரை தெரிந்தது. இப்போது இரண்டு வரிசையும் ஒன்றுபோல் பளிச்சென்று நிற்கின்றன, என் இத்தனை வருஷத்து வேலையைத் துடைத்து எடுத்துவிட்டு. இவ்வளவும் மனசுக்குள்தான். வாயில் வந்தது "யார் சொன்னா?" மட்டும். "யாரும் சொல்லலை மேடம், நானாத்தான்" என்கிறார் பெருமையாக.

விளக்கிச் சொன்னதும் மனுஷன் முகம் சுண்டிப்போய்க் கத்திரிப் பக்கம் போய்விட்டார். போகட்டும். கமிட்டி இன்னும் மிளகாய் வயலில்தான் நிற்கிறது. இங்கிருந்தே வெள்ளைத் தொப்பிகள் தெரிகின்றன, நடுவில் உயரமாக ஒரு குடை. குடைக்குள் சிதம்பரநாதன் சார். எந்த ஆராய்ச்சி தொடரலாம், எதை மூடிவிடலாம் என்று இன்றைக்கே சொல்லிவிட்டுப் போகிறவர் அவர். மிளகாய் முடிந்ததும் கத்திரி, கத்திரி முடிந்ததும் நான். அவர் நிறையப் பேச மாட்டார். வயலில் வந்து நிற்பார், இரண்டு பக்கமும் பார்ப்பார், "வித்தியாசம் தெரியுதா?" என்பார். தெரிந்தால் தலையசைப்பார். தெரியாவிட்டால் அடுத்த வயலுக்கு நடந்துவிடுவார், அதோடு கதை முடிந்தது. போனில் படம் இருக்கிறது, காட்டலாம். போன வருஷம் வாழை பார்க்கிற பையன் படம் காட்டினான், "படம் நல்லா இருக்கு தம்பி, மரம் எங்க?" என்று கேட்டார். நல்ல கேள்விதான், நானே அப்படித்தான் கேட்டிருப்பேன், அதனால் இன்னும் எரிகிறது. நாகரத்தினம் பக்கத்தில் வந்து நின்று கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்க்கிறாள். களையெடுக்கும் பெண்களுக்கு மேஸ்திரி. "மேடம், நான் சொன்னேனுங்க, இதைத் தொடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காங்கன்னு. அவருதான் புடுங்குன்னாரு." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பொய் சொல்ல மாட்டனுங்க, எனக்கும் ரொம்ப நாளா கை அரிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. காளானைப் பார்த்துட்டுச் சும்மா போறதுன்னா முடியுதுங்களா?" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சீமையில் எவராலும் முடியாது. பஸ்ஸில் போகிறவன்கூட இறங்கிப் பிடுங்கிவிட்டு மறுபடி ஏறுவான். பச்சை என்பதே இல்லாத செடி, வெளிறிய தண்டு, உச்சியில் ஊதாப்பூ, பார்க்க ஒன்றும் மோசமில்லை. இலை இல்லை, வெயிலில் உழைத்துச் சாப்பிடுகிற வேலையே இல்லை. அடியில் புகையிலை வேரையோ தக்காளி வேரையோ கவ்விக்கொண்டு உறிஞ்சும். மேலே தலை நீட்டுவதே பூத்து விதை போடுவதற்கு. அந்த விதை மூக்குப்பொடி மாதிரி, ஊதினால் அடுத்த ஊர். மண்ணுக்குள் வருஷக்கணக்காகச் சாகாமல் கிடக்கும், ஒரு வேர் பக்கத்தில் வரும் வரை. என்ன பொறுமை! எனக்கு அதில் பாதி இருந்தால் பூபாலனிடம் இன்னும் நயமாகப் பேசியிருப்பேன்.

போன் அடிக்கிறது. அப்பா. திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், வாட்ச்மேன் சட்டையில், லோடு வண்டி இல்லாத நேரம். "கண்ணு, இன்னைக்குத்தானே பெரிய ஆளுங்க வர்றாங்க? வந்துட்டாங்களா?" வரவில்லை அப்பா, அதற்குள் காளானை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள் என்கிறேன். "அப்பாடா!" என்கிறார். நிஜமாகவே நிம்மதியாக. "நல்லதுதானே சாமி? இத்தனை நாளா அதை வளக்குறேன்னு சொல்லுவியே, எனக்கு ராத்தூக்கமே வராது." பெற்ற அப்பாவே பூபாலன் கட்சி. இவரிடம் என்னத்தைச் சொல்ல. காளானால் புகையிலையை விட்டவர் இவர். தக்காளிக்கு மாறினால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தார், பேரே புகையிலைக் காளான்தானே, தக்காளியை அது என்ன செய்யும் என்று. அடுத்த போகத்திலேயே தக்காளி வரிசையில் ஊதாப்பூ வந்து நின்றபோது அவர் கத்தின கத்தல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மண்வெட்டியைத் தூக்கி எறிந்தார், அது போய் வேலி முள்ளில் மாட்டிக்கொண்டு ஆடியது. பிறகு விற்றார், போனார். போனது நல்லதற்குத்தான், இப்போது சம்பளம் வருகிறது, மழையை எதிர்பார்க்காமல் சாப்பிடுகிறார், தொப்பை போட்டிருக்கிறது. அந்த நிலத்தை நினைத்து அவரும் அழவில்லை, நானும் அழவில்லை. ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்து, அப்பாவின் கண்ணீருக்குப் பதில் சொல்லத்தானே இந்த ஆராய்ச்சி என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. இல்லைதான். எனக்குக் காளான் மேல் கோபம், அவ்வளவுதான். உழைக்காமல் அடியில் உட்கார்ந்து உறிஞ்சுகிற ஒன்று மேலே வந்து பூ வேறு பூக்கிறதே, அந்தத் திமிர் மேல் கோபம். கோபத்துக்கு அப்பா எதற்கு? "வச்சிரட்டுமா கண்ணு, வண்டி வருது" என்கிறார். "அவங்க என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக்கிட்டு வந்துரு, எதுத்துப் பேசாத." சரி அப்பா. பேசுவேன் அப்பா.

குடை நகர்கிறது. இல்லை, நிழலுக்காக ஓரம் போகிறார்கள், இன்னும் மிளகாய்தான். யோசி தெய்வானை, யோசி. பிடுங்கினார்கள் என்றால் தண்டைத்தானே பிடுங்கினார்கள்? காளான் இழுத்தால் கழுத்தில் முறியும், அடி முண்டு வேரிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும், பத்து நாளில் மறுபடி தலை நீட்டும். பத்து நாள் கழித்து வாருங்கள் சார் என்று சொல்ல முடியுமா? ஆனால் மண்ணுக்குள் சாட்சி இருக்கிறது. சாதாரண வரிசையில் ஒரு செடியைத் தோண்டி வேரை அலசிக் காட்டினால் போதும், இஞ்சிக் கிழங்கு மாதிரி முண்டு முண்டாகத் தொங்கும். அதைச் செய்துவிடலாம், கஷ்டமே இல்லை. அப்புறம் சார் கேட்பார், உங்க செடியோட வேர்? கேட்காமல் இருப்பாரா? நானே கேட்பேன். அப்போது என் வரிசையிலும் ஒன்றைத் தோண்ட வேண்டும். என் வரிசை! இலைச்சுருட்டு நோய் வந்து இரண்டு வரிசையையும் வாரிக்கொண்டு போனது போக என் பக்கம் மூன்றே மூன்று நிற்கின்றன. மூன்றிலும் காய் இன்னும் பிஞ்சு, பிடுங்கினால் விதை முற்றாது, ஒரு தாய்ச்செடி போனதுதான். போனால் போகட்டும், இரண்டு இருக்கிறதே என்று இன்னொரு மனசு சொல்கிறது. அந்த மனசு சாமர்த்தியசாலி, உண்மையான பயத்தை மூடி வைத்துவிட்டு இந்தப் பயத்தை முன்னால் தள்ளுகிறது. எனக்குச் செடி சாவது பயமில்லை. வேரைப் பார்ப்பதுதான் பயம். இந்தத் தலைமுறையின் வேரை நான் பார்த்ததே இல்லை. தொட்டியில் வளர்த்த முந்தைய தலைமுறைகளின் வேரை எல்லாம் அலசிப் பார்த்திருக்கிறேன், வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆனால் அதெல்லாம் சுண்டைக்காய் அளவுப் பழம். காட்டுத் தக்காளி ரத்தம். காளானுக்கு மசியாது, சாம்பாருக்கும் ஆகாது. பழம் பெரிதாக வேண்டும் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் நாட்டுத் தக்காளியோடு கலந்தேன், இடுக்கியால் பூவைத் திறந்து, மகரந்தம் தொட்டு வைத்து, பை கட்டி. ஒவ்வொரு கலப்பிலும் நல்லது ஒன்று வரும், என்ன ஒன்று நழுவியது என்று தெரியாது. பழம் பெருத்தது. அந்த எதிர்ப்பு இன்னும் இருக்கிறதா? மேலே காளான் வரவில்லை என்பது உண்மை. அடியில் வந்து ஒட்டிக்கொண்டு, மெதுவாக, நான் பார்க்காத இடத்தில் தின்றுகொண்டு, இன்னும் தலை நீட்ட நேரம் வராமல் இருந்தால்? அப்படி இருந்தால் என் கையாலேயே அதைத் தோண்டி எடுத்துக் கமிட்டியின் முன் நீட்டப் போகிறேன். தோண்டாமல் இருந்தால் வித்தியாசம் தெரியவில்லை என்று மூடுவார்கள். தோண்டினால் ஒருவேளை வித்தியாசமே இல்லை என்று தெரியும். மறுபடி முதலிலிருந்து யோசிக்கிறேன், மறுபடி வேரில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நாகரத்தினத்தின் தூக்குவாளியில் நீர்மோர் இருக்கும், கேட்டால் கொடுப்பாள், கேட்கத் தோன்றவில்லை. என் கொள்கை என்ன? எழுதிக் கொடுத்திருக்கிறேன், கமிட்டியிடம் இருக்கிறது. தக்காளி வேர் தனக்கு உதவி செய்கிற பூஞ்சையைக் கூப்பிட ஒரு சாறு கசிய விடுகிறது. அந்தக் கூப்பாடு தூங்கிக் கிடக்கிற காளான் விதைக்கும் கேட்டுவிடுகிறது, எழுந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. என் செடி கூப்பிடுவதில்லை. வாயை மூடிக்கொண்டு வளர்கிறது. விதைக்குப் பக்கத்தில் வேர் வந்ததே தெரியாது. இதுதான் கொள்கை, அழகானது, சொன்னால் மாணவர்கள் கண் விரியக் கேட்பார்கள். வீட்டில் கருணாகரன் கேட்டார், "அப்போ நீயும் கமிட்டி முன்னாடி வாயை மூடிக்கிட்டு இருந்தா ஒரு தொந்தரவும் இல்ல, இல்லையா?" கட்டின புருஷனுக்கு நேரம் பார்த்துக் கேலி வரும். போன தடவை இதே கமிட்டியில் ஒருவர், பெயர் வேண்டாம், "மருந்து அடிச்சா போற களைக்கு எதுக்கும்மா இவ்வளவு பாடு?" என்றார். காளானைக் கொல்கிற மருந்து அது ஒட்டிக்கொண்டிருக்கிற செடியையும் சேர்த்துக் கொல்லும் சார், இரண்டும் ஒரே உடம்பு என்றேன். "அப்போ புகையிலைக்காட்டுல தக்காளி போடாதீங்கன்னு விவசாயிக்குச் சொல்லிட்டுப் போங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. எத்தனை வருஷமாகச் சிரிக்காமல் இருக்கிறேன். கல்லூரியில் நெல்லை எடு என்றார்கள், நெல்லில் பேர் வரும் என்றார்கள். கூடப் படித்தவர்கள் நெல்லில் புது ரகம் வெளியிட்டு மேடையில் மாலை போட்டுக்கொண்டார்கள். நான் வேரை அலசிக்கொண்டு உட்கார்ந்தேன், நகத்தில் மண் போகவே இல்லை. விருந்துக்குப் போனால் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வேன், முதலில் வெட்கமாக, பிறகு வெட்கம் போய் எடுத்து மேலேயே வைத்தேன். பார்க்கிறவன் பார்க்கட்டும். இப்போது மட்டும் எதற்கு ஒளிக்க வேண்டும்? வேர் கெட்டிருந்தால் கெட்டதாகவே இருக்கட்டும். கெட்டது என்று தெரிந்துகொண்டு தோற்பேன், தெரியாமல் மூடப்பட மாட்டேன். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். இந்தப் பாத்தியைப் பூபாலன் சுத்தம் செய்ததால் என் வேலை மூடப்பட்டது என்று ஒரு கதை, அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் பாவம் தெய்வானை என்பார்கள், அது எனக்கு வேண்டாம். "நாகரத்தினம், ரெண்டு வாளி தண்ணி. அந்தக் கடப்பாரையையும் கொண்டாங்க." "எதுக்குங்க மேடம்?" "நானும் புடுங்கப் போறேன்."

வந்துவிட்டார்கள். தொப்பிகள் வரப்பில் வரிசையாக நிற்கின்றன, பூபாலன் கடைசியில், எல்லோருக்கும் பின்னால் ஒளிந்துகொண்டு. சிதம்பரநாதன் சார் குடையைச் சாய்த்து இரண்டு வரிசையையும் பார்க்கிறார், இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை, அவசரமே இல்லாமல். "ரெண்டும் ஒண்ணாத்தானேம்மா இருக்கு? வித்தியாசம் தெரியலையே." களையெடுத்துவிட்டார்கள் சார் என்று சொல்ல வாயெடுத்தேன், விழுங்கிவிட்டேன். "மேல தெரியாது சார். இருங்க." சாதாரண வரிசையில் கைக்கு வந்த செடியை நெம்பி எடுத்து வாளியில் அலசித் தூக்குகிறேன். நினைத்தபடிதான், மஞ்சள் மஞ்சளாக முண்டுகள், கொத்துக்கொத்தாக, ஒவ்வொன்றின் கழுத்திலும் நேற்று முறிந்த தழும்பு. யாரோ "அட" என்கிறார்கள். சார் என் வரிசைப் பக்கம் திரும்புகிறார். "எந்தச் செடின்னு நீங்களே காட்டுங்க சார்." காட்டுகிறார், நடுச்செடி, மூன்றில் நன்றாகக் காய்த்தது, அதைத்தான் காட்டுவார் என்று தெரியும். கடப்பாரையை வேருக்குத் தள்ளி இறக்கி நெம்புகிறேன். மண் விட்டுக் கொடுக்கிறது. பிஞ்சுக் காய்கள் குலுங்குகின்றன. வாளிக்குள் விட்டு அலசுகிறேன், தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியவில்லை, இன்னொரு வாளி, மெதுவாகத் தெளிகிறது, வெள்ளை, வெள்ளை, ஆணிவேரில் இருந்து நுனி வரை வெள்ளை, மூச்சு விடுகிறேன், அப்போதுதான் பார்க்கிறேன். பக்கவேர் ஒன்றில், கடுகளவு, கறுப்பாக. மண் இல்லை, தேய்த்தேன், போகவில்லை. காளான். வந்திருக்கிறது. ஒட்டியிருக்கிறது. அப்படியென்றால் என் செடி கூப்பிட்டிருக்கிறது. நான் எழுதியது அத்தனையும் தப்பு. நகத்தால் ஒரு சுண்டு சுண்டினால் போய்விடும், என் நகம் அதன் மேல்தான் இருக்கிறது, சாருக்கு இந்தத் தூரத்தில் தெரியவே தெரியாது. அந்த நகம் ஒரு கணம் அங்கேயே நிற்கிறது. பிறகு வேரைத் திருப்பி அந்தப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே பிடிக்கிறேன். "சார், இதையும் பாருங்க." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிகிறார். "வந்திருக்கேம்மா." "வந்திருக்கு சார். செத்திருக்கு. அந்தச் செடியில மஞ்சளா இருந்துச்சு, இது கறுத்துப்போச்சு பாருங்க, உள்ள எறங்கவே இல்ல." வேர் நுனியைத் தொட்டுத் திருப்பிப் பார்க்கிறார். "அப்போ செடி கூப்பிடாதுன்னு நீங்க எழுதினது?" "தப்பு சார். எழுதினது நான்தானே, செடி இல்லையே. செடி கூப்பிட்டிருக்கு, வந்ததை வாசல்லயே கொன்னிருக்கு." "எப்படி?" "தெரியாது சார்." "தெரியாதுன்னு சொல்றதுக்கா எங்களை வெயில்ல நிக்க வச்சீங்க?" பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். எனக்குப் பயமே இல்லை, எங்கே போனது என்று தெரியவில்லை. "ஆமா சார். தெரிஞ்சிருந்தா நீங்க வந்து நிக்க வேண்டியதே இல்ல. மீதி ரெண்டு செடியில விதை எடுத்து அடுத்த போகம் போடணும். இதே பாத்தியில." அவர் நிமிர்கிறார். "பார்க்கலாம்" என்று சொல்லிக் குடையை நேராக்குகிறார். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம், எல்லோருக்கும் தெரியும், தொப்பிகள் திரும்ப ஆரம்பித்துவிட்டன. "பார்க்கலாம் வேண்டாம் சார். இங்கயே சொல்லிட்டுப் போங்க." என் குரல்தானா இது? நாகரத்தினம் வாயில் கை வைத்துக்கொள்கிறாள். சார் என்னைப் பார்க்கிறார், அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்க்கிறார், மறுபடி என்னைப் பார்க்கிறார். "ஒரு போகம்" என்கிறார். "ஒண்ணே ஒண்ணு." சரி சார் என்கிறேன். வேரிலிருந்து சேற்றுத் தண்ணீர் அவருடைய ஷூ மேல் சொட்டிக்கொண்டிருக்கிறது. நான் வேரைத் தள்ளிப் பிடிக்கவில்லை.